நடந்துதானே போகிறார், அவருக்கு எதற்கு டிபி பிளேட்?

மார்ச் 3

டிபி பிளேட் என்பது ஊனம் உள்ளவர்களுக்குக் கொடுக்கும் கார் நம்பர் பிளேட்; அது இருந்தால் அவர்களுக்கு ஒதுக்கிய இடத்தில் நிறுத்தலாம். கொடுப்பது டிஎம்வி என்ற மாநில வாகனத் துறை. ஒருவர் கேட்ட கேள்வி இது: "கலிபோர்னியாவில் டிபி பிளேட் போட்ட காரிலிருந்து ஒருத்தர் இறங்கி விறுவிறுவென்று கடைக்குள் நடந்து போனார். கையில் தடி இல்லை, சக்கர நாற்காலி இல்லை. இவர்களுக்கெல்லாம் டிஎம்வி எப்படிக் கொடுக்கிறது? சக்கர நாற்காலிக்காரர்களுக்கு மட்டும்தான் என்று விதியை இறுக்கினால் என்ன?"

நான் அந்த பிளேட் வைத்திருப்பவன். தடி இல்லாதவன். எனக்கு நுரையீரல் திசு கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பேறி இறுகிப்போகும் வியாதி. ஃபைப்ரோசிஸ் என்பார்கள். காரிலிருந்து இறங்கும்போது என்னைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. உள்ளே போகும் நடையைப் பார்க்கிறவர்கள் திரும்பி வரும் நடையைப் பார்ப்பதில்லை. பையைத் தூக்கிக்கொண்டு பாதி வழி வருவதற்குள் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 94-லிருந்து 83-க்கு இறங்கிவிடும். தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, போனில் ஏதோ படிப்பதுபோல நிற்பேன். யாராவது வந்து "ஆம்புலன்ஸ் கூப்பிடவா?" என்று கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த போன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். கலிபோர்னியா வாகனச் சட்டம், பிரிவு 295.5. காலை இழந்தவர், காலின் பயன்பாட்டை இழந்தவர், இரண்டு கைகளையும் இழந்தவர், கருவியின் துணையில்லாமல் நகர முடியாதவர் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். இவர்களோடு, நடமாட்டத்தைக் கணிசமாகப் பாதிக்கும் நோய் இருப்பதாக மருத்துவர் கண்டறிந்தவர்களும் உண்டு. இதய நோயில் மூன்றாம், நான்காம் நிலை. நுரையீரல் நோயில் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனவர்கள். பார்வை 20/200-ஐத் தாண்டாதவர்கள், அதாவது சட்டத்தின் கணக்கில் பார்வையற்றவர்கள். 'பார்த்தால் தெரிய வேண்டும்' என்று அதில் ஒரு வரிகூட இல்லை. இருக்கவும் கூடாது.

மார்ச் 4

பிளேட் வாங்குவதா, கார் கண்ணாடியில் மாட்டும் அனுமதி அட்டையான பிளக்கார்டு வாங்குவதா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். அவருடைய அம்மாவுக்காக.

பிளேட் வண்டியோடு போகும், பிளக்கார்டு ஆளோடு போகும். அம்மா பெயரில் வண்டி பதிவாகியிருந்தால்தான் பிளேட் கிடைக்கும். மகன் வண்டி, மகள் வண்டி, தெரிந்தவர் வண்டி என்று மாறி மாறிப் போகிறவர் என்றால் பிளக்கார்டுதான் சரி. தானே ஓட்டுகிறவர் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்: ஒரு வண்டிக்கு பிளேட், கூடவே ஒரு பிளக்கார்டு. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். பிளேட்டுக்கு, சாதாரண பிளேட்டுக்கு வாங்குவதைவிடக் கூடுதலாகக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது நாடு முழுவதற்குமான விதி. கலிபோர்னியாவில் நிரந்தர பிளக்கார்டு இலவசம், தற்காலிகமானதற்கு 6 டாலர்.

பிளக்கார்டை ஓட்டும்போது கழற்றிவிட வேண்டும், நிறுத்தியபின் மாட்ட வேண்டும். நிறையப் பேர் மாட்டியபடியே ஓட்டுகிறார்கள். வலப்பக்கத்தில் நடந்து வருகிறவரை அது மறைக்கும். கழற்றி மாட்டுவதை மறக்கிற வயதானவர்களுக்கு பிளேட் பெரிய நிம்மதி.

இன்னொன்று. டிபி பிளேட் போட்ட வண்டியை என் மகன் தனியாக எடுத்துக்கொண்டு போனால் அவனுக்கு அந்த இடத்தில் நிறுத்த உரிமை கிடையாது. நான் வண்டியில் இருக்க வேண்டும், அல்லது என்னை ஏற்றவோ இறக்கவோ வந்திருக்க வேண்டும். இதை வீட்டில் எல்லாருக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்குத் தெரிந்தே செய்யும் எண்ணம் இருக்காது. பழக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

மார்ச் 6

"மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறா?" என்று கேட்டிருக்கிறார்கள். அடித்தளம் ஒன்றுதான். 1988-இல் அமெரிக்க காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டு, எல்லா மாநிலங்களும் பின்பற்றத்தக்க ஒரே மாதிரியான முறையை வகுக்கச் சொன்னது. 1991-இல் மத்திய போக்குவரத்துத் துறையின் விதி வந்தது. அதில்தான் பலருக்கும் தெரிந்த 200 அடி வருகிறது: இடையில் நின்று இளைப்பாறாமல் 200 அடி நடக்க முடியாதவர். தடி, ஊன்றுகோல், செயற்கைக் கால், இன்னொருவர் துணை என்று ஏதாவது ஒன்று இல்லாமல் நடக்க முடியாதவர். கையோடு ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுபோகிறவர். மூட்டுவாதம், நரம்பு, எலும்புக் கோளாறுகளால் நடப்பது கடுமையாகக் குறைந்தவர். பிளேட்டில் சக்கர நாற்காலிச் சின்னம் மற்ற எழுத்துகள் அளவுக்கே இருக்க வேண்டும் என்பதுகூட அதே விதியில் இருக்கிறது. ஒரு மாநிலத்தில் கொடுத்ததை இன்னொரு மாநிலம் ஏற்க வேண்டும் என்பதும்.

இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நுரையீரல் நோய்க்கு அவர்கள் வைத்திருக்கும் அளவு: ஒரு விநாடியில் பலமாக ஊதி வெளியேற்றும் காற்று ஒரு லிட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 60-க்குக் கீழே இருக்க வேண்டும். கலிபோர்னியாவும் இதையே எடுத்துக்கொண்டிருக்கிறது. நல்ல உடம்புள்ள ஆண் மூன்று, நான்கு லிட்டர் ஊதுவார். புகைபிடித்து மூச்சுக்குழாய் அடைத்துப்போனவர்களுக்கு இந்த அளவு பொருந்தும். அவர்களால் வேகமாக ஊதித் தள்ள முடியாது. தழும்பேறிய நுரையீரல் அப்படி இல்லை. உள்ளே போகும் காற்றே குறைவு, ஆனால் போனதை வேகமாக வெளியே தள்ளிவிடும். உட்கார்ந்திருக்கும்போது ஆக்சிஜனும் நன்றாக இருக்கும். எழுந்து நடந்தால்தான் சரியும். நோய் வெளியே வருவது நடையில், சோதனை நடப்பதோ நாற்காலியில்.

நான் தகுதி பெற்றது இந்த அளவுகளால் அல்ல, 'நடமாட்டத்தைக் கணிசமாகப் பாதிக்கும் நோய்' என்ற பொதுவான வரியால்தான். என் மருத்துவர் ஆறு நிமிட நடைச் சோதனை வைத்தார். நீண்ட தாழ்வாரம், இரண்டு முனையிலும் ஆரஞ்சு நிறக் கூம்பு, பின்னால் ஒரு நர்ஸ் ஆக்சிமீட்டரைப் பார்த்துக்கொண்டே வருவார். எவ்வளவு தூரம் போனேன், எங்கே நின்றேன், எங்கே எண் இறங்கியது எல்லாம் தாளில் ஏறியது. இந்தச் சோதனையை விதியிலேயே எழுதி வைத்திருக்கலாம். லிட்டர் கணக்கைவிட நேர்மையான கணக்கு இது.

மார்ச் 7

சின்னதாக ஒன்று. "ஓட்டுநர் உரிமம் இல்லாதவருக்கு பிளேட் கொடுப்பார்களா?" கொடுப்பார்கள். வண்டி அவர் பெயரில் இருந்தால் போதும், ஓட்டுவது யாராகவும் இருக்கலாம். பார்வையற்றவர்கள் பட்டியலில் இருப்பது அதனால்தான். அவர்களை ஏற்றி இறக்கப் போதுமான இடமும், வண்டிகளுக்கு நடுவே அதிகம் நடக்காத தூரமும் தேவை.

மார்ச் 9

மருத்துவர் கையெழுத்தைப் பற்றி இரண்டு பேர் காரசாரமாக எழுதியிருந்தார்கள். "எந்த டாக்டரும் கேட்டால் போட்டுக் கொடுத்துவிடுவார்" என்பது அவர்கள் வாதம்.

விண்ணப்பிக்க வேண்டியது ஆர்இஜி 195 என்ற படிவத்தில். மருத்துவர், அறுவைச் சிகிச்சை நிபுணர், மருத்துவ உதவியாளர், நர்ஸ் பிராக்டிஷனர் எல்லாரும் கையெழுத்திடலாம். பாத மருத்துவரும், முதுகெலும்பு, மூட்டுகளைக் கையால் சரிசெய்யும் கைரோபிராக்டரும் நடமாட்டம் தொடர்பானதற்கு மட்டும், கண் பரிசோதகர் பார்வைக்கு மட்டும். காலையோ இரண்டு கைகளையுமோ இழந்தவர் நேரில் போனால் மருத்துவர் கையெழுத்தே வேண்டாம், பார்த்தாலே தெரிகிறது என்று அங்கேயே பதிவு செய்துகொள்வார்கள். நியாயமான ஏற்பாடு.

கையெழுத்து சுலபமாகக் கிடைக்கிறது என்பதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பெரிய ஓட்டை இருந்தது வேறு இடத்தில். 2017-இல் கலிபோர்னியா மாநிலத் தணிக்கையாளர் டிஎம்வி பதிவுகளை எடுத்து, இறந்தவர்களின் மத்தியப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். நிரந்தர பிளக்கார்டு வைத்திருப்பவர்களில் சுமார் 35,000 பேர் இறந்துபோனவர்களாக இருக்கக்கூடும் என்று வந்தது. நூறு வயதைத் தாண்டியவர்கள் என்று பதிவில் ஏறத்தாழ 26,000 பேர். மாநிலம் முழுவதும் நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தவர்களே சுமார் 8,000 பேர்தான் என்பது மதிப்பீடு!

ஆக, தாத்தா போய்ச் சேர்ந்த பிறகும் அவர் பிளக்கார்டு பேரன் காரில் தொங்கியது. மருத்துவரை இறுக்கி இதை நிறுத்த முடியாது.

மார்ச் 10

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தணிக்கைக்குப் பிறகு சட்டம் மாறிவிட்டது. 2018 ஜனவரி முதல், தொலைந்துவிட்டது என்று சொல்லி இரண்டு ஆண்டில் நான்கு மாற்று பிளக்கார்டுக்கு மேல் வாங்க முடியாது. அதற்கு மேல் வேண்டுமானால் புதிதாக மருத்துவச் சான்று வேண்டும். விண்ணப்பங்களில் சிலவற்றை எடுத்துச் சோதிக்கிறார்கள். நிரந்தர பிளக்கார்டு ஒற்றைப்படை ஆண்டுகளில் ஜூன் 30-ஆம் தேதி காலாவதியாகி, புதியது தானாக வந்துகொண்டிருந்தது. 2023 முதல், ஆறு ஆண்டு வைத்திருந்தவர்கள் "எனக்கு இன்னும் தேவை" என்று கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். மறுபடி மருத்துவரிடம் போக வேண்டியதில்லை. என் கால் வளர்ந்துவிட்டதா என்று ஏன் ஒவ்வொரு தடவையும் கேட்கிறீர்கள் என்று காலிழந்த ஒருவர் கேட்டால் நம்மிடம் என்ன பதில் இருக்கிறது? உயிரோடு இருக்கிறாரா, தேவை இருக்கிறதா என்று மட்டும் கேட்கும் இந்த முறை போதும்.

மார்ச் 13

இப்போது என்னை நிஜமாகவே கோபப்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன்: தெருவில் வண்டி நிறுத்தக் காசு வாங்கும் மீட்டர்.

கலிபோர்னியாவில் டிபி பிளேட்டோ பிளக்கார்டோ இருந்தால் மீட்டர் வைத்த இடத்தில் காசு கட்ட வேண்டாம். நேர வரம்பும் இல்லை. மற்றவர்கள் கொஞ்ச நேரம் மட்டும் நிறுத்தக்கூடிய, தெருவோரம் பச்சைக் கோடு போட்ட பகுதியிலும் எவ்வளவு நேரமும் நிறுத்தலாம். (சிவப்பு, மஞ்சள், வெள்ளைக் கோடுகளில் கூடாது. இந்த பிளேட் இருந்தால் எங்கும் நிறுத்தலாம் என்று நினைத்து அபராதம் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.)

ஊனம் உள்ளவருக்குத் தேவை பக்கத்தில் ஓர் இடம், கதவை முழுக்கத் திறக்க அகலம். காசு தள்ளுபடி இந்த இரண்டிலும் சேராது. நகரத்தின் நடுவில் ஒரு நாள் பார்க்கிங் என்ன விலை என்று தெரிந்தவர்களுக்கு, கண்ணாடியில் மாட்டும் அந்த நீல அட்டையின் விலையும் தெரியும். போலிக்கு ஆசை காட்டுவது அந்த விலைதான். தாத்தாவின் அட்டையைப் பேரன் திருப்பிக் கொடுக்காததற்கும் அதுவே காரணம். காலை ஏழு மணிக்கு வந்து, மாலை ஆறு வரை அலுவலக வாசலில் அசையாமல் நிற்கும் கார்களைப் பார்த்திருக்கிறேன். பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வரும் எனக்கு அந்தத் தெருவில் இடம் கிடையாது. காசு கொடுக்க நான் தயார். நிறுத்த இடம்தான் இல்லை!

சான் பிரான்சிஸ்கோவில் 2013-இல் மாற்றுத்திறனாளிகளும் இருந்த ஓர் ஆலோசனைக் குழு, மீட்டர் விலக்கை எடுத்துவிட்டு, ஊனம் உள்ளவர்களுக்கு ஒதுக்கிய நீலக்கோட்டு இடங்களைக் கூட்டுங்கள் என்றே பரிந்துரைத்தது. மாநிலச் சட்டம் இன்னும் மாறவில்லை.

மார்ச் 14

நேற்று எழுதியதற்கு ஓர் அக்கா பதில் எழுதியிருந்தார். கை விரல்கள் எல்லாம் மூட்டுவாதத்தால் கோணிப்போனவர். "மீட்டரில் வங்கி அட்டையைச் செருகவே எனக்கு முடியாது தம்பி. காசுக்காக இல்லை, அந்த இயந்திரத்திடம் போய் நிற்கவே முடியாததால்தான் விலக்கு கொடுத்தார்கள்" என்கிறார்.

இரவெல்லாம் இதை யோசித்தேன். அவர் சொல்வது முழுக்க நியாயம். விலக்கை ஒரேயடியாக எடுக்கச் சொல்ல என்னால் முடியவில்லை.

இதற்கு விடை ஏற்கெனவே மிச்சிகனில் இருக்கிறது. 1995-இல் அங்கே இரண்டு அடுக்காகப் பிரித்தார்கள். சாதாரண பிளக்கார்டு இருந்தால் ஒதுக்கிய இடத்தில் நிறுத்தலாம், மீட்டருக்குக் காசு கட்ட வேண்டும். இலவசம் வேண்டுமென்றால் தனியாக மஞ்சள் ஸ்டிக்கர். அது யாருக்கு? தானே வண்டி ஓட்டுபவராக இருந்து, இரண்டு கைகளாலும் காசு போட முடியாதவர், 42 அங்குல உயரத்துக்குக் கை எட்டாதவர், சக்கர நாற்காலியால் மீட்டரை நெருங்க முடியாதவர், 20 அடிக்கு மேல் நடக்க முடியாதவர். அக்கா முதல் வரியிலேயே வந்துவிடுகிறார். நான் வர மாட்டேன், என்னால் காசு போட முடியும். அதற்கு முன்பு அந்த மாநிலத்தில் சுமார் 5 லட்சம் பிளக்கார்டுகள் இலவசமாக நிறுத்தும் உரிமையோடு இருந்தன. ஸ்டிக்கருக்கு விண்ணப்பித்தவர்கள் சுமார் 10,000 பேர். 2014-இல் இல்லினாயும், அதே ஆண்டு ஓரிகனின் போர்ட்லண்ட் நகரமும் இதே வழிக்கு வந்தன.

போனிலேயே காசு கட்டும் வசதி இன்று பல ஊர்களில் வந்துவிட்டது, அதனால் மீட்டரை நெருங்க வேண்டிய அவசியமே குறைகிறது என்று இன்னொருவர் சொல்கிறார். எல்லாரிடமும் அந்த போன் இல்லை. ஸ்டிக்கர் இருக்கட்டும்.

மார்ச் 18

பேச்சு வேறு பக்கம் போகிறது, ஆனால் இதைச் சொல்லாமல் விட முடியாது. நீலக்கோட்டு இடத்துக்குப் பக்கத்தில் சாய்வுக் கோடு போட்ட ஒரு பட்டை இருக்குமே, அது காலியாகத்தான் இருக்க வேண்டும். டிபி பிளேட் வைத்திருப்பவரும் அதில் நிறுத்தக் கூடாது. சக்கர நாற்காலி இறங்கும் இடம் அது. குறைந்தது 5 அடி. சாய்தளம் வைத்த வேனுக்கான இடமாக இருந்தால், மத்திய விதிப்படி ஒன்று பட்டை 8 அடி இருக்க வேண்டும், அல்லது வண்டி நிற்கும் இடம் 11 அடி அகலம் இருக்க வேண்டும். மொத்தம் 25 இடங்கள் வரை உள்ள பார்க்கிங்கில் ஒரு இடம் ஒதுக்கினால் போதும், ஆனால் அந்த ஒன்று வேனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் இடுப்புக்குக் கீழே அசைவில்லாதவர். கையாலேயே பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் இயக்கும் வேன் ஓட்டுகிறார். பக்கவாட்டுக் கதவு திறந்ததும் சாய்தளம் மடிப்பு விரிந்து தரையில் இறங்கும். அது இறங்கினால் போதாது, அதன் முனையிலிருந்து நாற்காலி திரும்ப இன்னும் கொஞ்சம் இடம் வேண்டும். ஒரு நாள் அவர் கடையிலிருந்து திரும்பி வந்தபோது அந்தப் பட்டையில் பளபளப்பான ஒரு கார் நின்றது. அவருடைய வண்டி கண் முன்னால் இருக்கிறது, உள்ளே ஏற முடியாது. மழை தூற ஆரம்பித்துவிட்டது. முன்பின் தெரியாத ஒரு பையனிடம் சாவியைக் கொடுத்து, வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லி, கைக்கட்டுப்பாடுகளைத் தொடாமல் பெடலை எப்படி மிதிப்பது என்று ஜன்னல் வழியாகச் சொல்லிக்கொடுத்தார். அந்தக் கார்க்காரர் வந்தபோது சொன்னது: "இரண்டே நிமிடம்தானே."

அபராதம் குறைந்தது 250 டாலர். ஆனால் யாராவது வந்து எழுதினால்தானே?

மார்ச் 21

எழுதுவதற்கு ஆள் இல்லாத இடத்தில் பொதுமக்களே காவலர்களாகிவிடுகிறார்கள். முதல் நாள் கேள்வி கேட்டவர் கோபித்துக்கொள்ளக் கூடாது, இது அவரைப் பற்றியது அல்ல. என் கண்ணாடியில் காகிதம் செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். என் மனைவி அதைப் படித்துவிட்டு அன்று முழுக்கப் பேசவில்லை. ஒரு பெண்மணி என் பிளேட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டே "உனக்கு என்ன வியாதி, சொல்லு" என்றார்.

அவரிடம் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இல்லை. பிளேட்டோடும் பிளக்கார்டோடும் ஓர் அடையாளச் சீட்டு வரும், அதில் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று இருக்கும். போலீஸோ பார்க்கிங் அதிகாரியோ கேட்டால் காட்டியாக வேண்டும். நான் சந்தோஷமாகக் காட்டுவேன். இன்னும் அடிக்கடி கேளுங்கள் என்றுகூடச் சொல்வேன், ஏனென்றால் அந்தச் சீட்டைக் கேட்டால் தாத்தா அட்டையோடு வந்த பேரன் அங்கேயே மாட்டிக்கொள்வான். முறைகேட்டுக்கு 250-லிருந்து 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறது. மூச்சு வாங்குகிறவரின் நெஞ்சுக்குள் எட்டிப் பார்த்து இதைத் தீர்க்க முடியாது.

மார்ச் 27

நியூயார்க் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிமாநில பிளேட்டை எல்லாரும் ஏற்க வேண்டும் என்று மேலே எழுதினேன். அது ஒதுக்கிய இடங்களுக்கு. நியூயார்க் நகரத்துத் தெருக்களில் அப்படி ஒதுக்கிய இடங்களே கிடையாது. நகரமே தனியாக ஓர் அனுமதி கொடுக்கிறது, அது வேறு விண்ணப்பம். தெருவுக்கு வெளியே உள்ள பார்க்கிங்கில் உங்கள் பிளக்கார்டு செல்லும். மீட்டர் விதிகளும் ஊருக்கு ஊர் மாறும், போவதற்கு முன் அந்த ஊர் விதியைப் படித்துவிடுங்கள். கலிபோர்னியாக்காரர்கள் பயணத்துக்கு என்று 30 நாள் பிளக்கார்டு தனியாக வாங்கலாம். வண்டியை வீட்டில் விட்டுவிட்டு விமானத்தில் போகிற பிளேட்காரர்களுக்கு அது உதவும்.

ஏப்ரல் 2

முழங்கால் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளப் போகிற ஒருவர் "இதற்கெல்லாம் கேட்பது தப்பா?" என்று தயங்கியிருக்கிறார். தப்பே இல்லை, தற்காலிக பிளக்கார்டு அதற்காகத்தான் இருக்கிறது. 180 நாள் வரை, அல்லது மருத்துவர் குறிப்பிடும் தேதி வரை, எது முந்தியோ அது. அறுவைக்கு முன்பே படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கட்டுப் போட்ட காலோடு டிஎம்வி வரிசையில் நிற்க வேண்டாம்.

அப்பாவை இழந்த இன்னொருவர், வீட்டில் இருக்கும் டிபி பிளேட்டை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். ஆழ்ந்த அனுதாபங்கள். பிளேட்டையும் பிளக்கார்டையும் 60 நாட்களுக்குள் டிஎம்விக்குத் திருப்ப வேண்டும். காரியங்கள் முடியட்டும், அவசரம் இல்லை. வண்டியை உங்கள் பெயருக்கு மாற்றும் அன்றே பிளேட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு சாதாரண பிளேட் வாங்கிக்கொள்ளுங்கள், ஒரே நடையில் முடிந்துவிடும். பிளக்கார்டைத் தபாலிலேயே அனுப்பலாம்.

மீட்டர் விஷயமாக எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கு மிச்சிகன் முறையை எடுத்துச் சொல்லி ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். கை விரல் அக்கா தன் பத்தியைத் தானே சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். வேன் ஓட்டும் அண்ணனும் சேர்கிறார். கலிபோர்னியாவில் பிளேட்டோ பிளக்கார்டோ வைத்திருக்கும் வேறு யாராவது சேர விரும்பினால் இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள்.